சீனத் தட்டில் சிலுவை: ‘ஜெசூட் பீங்கான்’ பற்றி ஓர் எளிய விளக்கம்

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சீனாவில் செய்த ஒரு தட்டு. வெள்ளைப் பீங்கான், அதன்மேல் மெல்லிய கறுப்புக் கோடுகளில் ஒரு மனிதரின் உருவம். அவர் மார்ட்டின் லூதர், புராட்டஸ்டன்ட் கிளர்ச்சியைத் தொடங்கிவைத்த அதே லூதர். தட்டின் கீழ்ப்பக்கம் இயேசுவும் சீடர்களும். அந்தக் கிளர்ச்சிக்கு எதிராகக் கத்தோலிக்கத் திருச்சபையின் முன்வரிசையில் நின்றவர்கள் இயேசு சபைத் துறவிகள். ஆனால் இந்த மாதிரித் தட்டுகளுக்குப் பழம்பொருள் சந்தையில் பல காலமாக ஒட்டியிருக்கும் பெயர் ‘ஜெசூட் பீங்கான்’, அதாவது இயேசு சபைப் பீங்கான்! லூதர் கேட்டிருந்தால் தட்டைத் தூக்கி எறிந்திருப்பார்.

இந்தப் பெயரோடு ஒரு கதையும் சேர்ந்தே வரும். மதம் பரப்பச் சீனா போன பாதிரியார்கள் அங்கிருந்த குயவர்களை மனம் திருப்பினார்களாம். அவர்களைக் கொண்டு பைபிள் காட்சிகளைத் தட்டிலும் கோப்பையிலும் வரையச் செய்தார்களாம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. அது எந்தக் கொஞ்சம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சிவகாசிக் காலண்டரும் சீனத் தட்டும்

சிவகாசியில் ஓர் அச்சகம். ஒரே இயந்திரத்தில் காலையில் திருச்செந்தூர் முருகன் காலண்டர் ஓடும். மதியம் வேளாங்கண்ணி மாதா. மாலையில் மெக்காவின் கஅபா. அதைப் பார்த்து அச்சகக்காரர் ஒரே நாளில் மூன்று மதம் மாறினார் என்று யாரும் சொல்வதில்லை. படம் வாடிக்கையாளர் கொடுத்தது. அட்வான்ஸும் அவர் கொடுத்தது. சாம்பிள் சரி என்று அவர் தலையாட்டினால் சரக்கு லாரி ஏறும். அச்சகத்தின் வேலை, கொடுத்த படத்தைப் பிசகாமல் எடுப்பது.

சீன ஏற்றுமதிப் பீங்கானும் இதே கணக்குத்தான். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக, அவர் சொன்ன வடிவத்திலும் படத்திலும் சீனாவில் செய்து கப்பலேற்றிய பீங்கானைத்தான் ‘ஏற்றுமதிப் பீங்கான்’ என்கிறார்கள். குடும்பச் சின்னம், கப்பல், கிரேக்க தேவதைகள், சிலுவைப்பாடு என எதைக் கேட்டாலும் வரைந்தார்கள். ஆடையில்லாத மூன்று தேவதைகள் ஓர் ஆப்பிளுக்காகப் போட்டியிடும் கிரேக்கக் கதைக் காட்சி அக்காலத்தில் நன்றாக விற்ற ஒன்று. அதை வரைந்த அதே பாணி, அதே கறுப்புக் கோடு, இயேசுவின் பிறப்புக் காட்சியிலும் இருக்கிறது.

ஆக, சிலுவை வரைந்த சீனத் தட்டைப் பார்த்ததும் ‘வரைந்தவர் என்ன மதம்?’ என்று கேட்டால் வழி தப்பிவிடும். ‘ஆர்டர் யாருடையது?’ என்று கேட்க வேண்டும்.

இரண்டு ஊர், இரண்டு நெருப்பு

ஆர்டர் எப்படி நிறைவேறியது என்று புரிய, பீங்கான் செய்முறை கொஞ்சம் தெரிய வேண்டும்.

பீங்கானின் தலைநகர் ஜியாங்சி மாகாணத்தின் ஜிங்டெசென். கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணையும், இடித்துப் பொடியாக்கிய ஒருவகை வெள்ளைப் பாறையையும் சேர்த்துப் பிசைந்து, ஏறத்தாழ 1300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் மண் பாதி கண்ணாடியாக மாறுகிறது. அதுதான் பீங்கான். மேலே தெரியும் வழுவழுப்பான கண்ணாடிப் பூச்சுக்குக் கிளேஸ் என்று பெயர்.

படம் வரைய இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, கிளேஸ் பூசுவதற்கு முன்பே பச்சை மண்ணில் வரைவது. அந்தப் பெருநெருப்பைத் தாங்கும் நிறங்கள் மிகக் குறைவு. முக்கியமானது கோபால்ட் தரும் நீலம். அதனால்தான் பழைய சீனப் பீங்கான் என்றதும் நீலமும் வெள்ளையும் நினைவுக்கு வருகின்றன. இன்னொன்று, சுட்டு முடித்த வெள்ளைத் தட்டின் மேல் எனாமலால் வரைவது. எனாமல் என்பது நிறம் கலந்த கண்ணாடிப் பொடிக் குழம்பு. இதற்கு 700–800 டிகிரி அளவிலான மென்மையான இரண்டாம் சூடு போதும். சிவப்பு, பச்சை, ரோஜா, கறுப்பு எல்லாம் இந்த வழியில் கிடைத்தன.

இந்த இரண்டாம் சூடுதான் வியாபாரத்தையே மாற்றியது. வெள்ளைத் தட்டை ஜிங்டெசென்னில் மொத்தமாகச் செய்து, ஆற்று வழியாகவும் மலைக்கணவாயில் ஆள் சுமந்தும், ஐரோப்பியக் கப்பல்கள் வந்து நிற்கும் காண்டனுக்கு (இன்றைய குவாங்சோ) கொண்டுவந்தார்கள். படத்தை அங்கேயே, வாடிக்கையாளர் கண்ணெதிரே வரைந்துகொள்ளலாம். 1769-இல் காண்டனில் ஒரு பட்டறையைப் பார்த்த ஓர் ஆங்கிலேயர், ஒரே நீண்ட கூடத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்ததாகவும், அவர்களில் முதியவர்களும் ஆறேழு வயதுப் பிள்ளைகளும் இருந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

சரக்கு ஐரோப்பா போய்ச் சேரும் விதமும் பார்க்கத் தக்கது. பருவக்காற்றை நம்பித்தான் கப்பல் ஓடும். ஆர்டர் கொடுத்துக் கையில் வாங்க இரண்டு ஆண்டாவது ஆகும். பீங்கான் கனமானது, கடல்நீர் பட்டாலும் கெடாது. ஆகவே அது கப்பலின் அடித்தட்டில் போகும். தேயிலையும் பட்டும் அதற்கு மேலே. உண்மையில் லாபச் சரக்கு தேயிலைதான்.

அச்சுப்படம் தட்டுக்கு வந்த வழி

காண்டன் ஓவியர் பெத்லகேமைப் பார்த்ததில்லை, பைபிளையும் படித்ததில்லை. அவர் கையில் கிடைத்தது ஒரு காகிதம்: ஐரோப்பாவில் அச்சான படம். செப்புத் தகட்டில் ஊசியால் கோடு கோடாகக் கீறி, கீறலில் மையை நிரப்பிக் காகிதத்தில் அழுத்தி எடுக்கும் அச்சுப்படத்தைச் செதுக்கச்சு என்று சொல்லிக்கொள்வோம். அதில் சாயல் கிடையாது. நிழல் வேண்டுமானால் கோடுகளை நெருக்கிப் போட வேண்டும். வெளிச்சம் வேண்டுமானால் தள்ளிப் போட வேண்டும்.

சீன ஓவியர் அந்தக் கோடுகளையே தூரிகையால் எடுத்தார். இயேசுவின் பிறப்பு, சிலுவைப்பாடு, உயிர்த்தெழுதல், விண்ணேற்றம் ஆகிய காட்சிகள் கொண்ட தட்டுகள் 1740-களில் வந்தவை. சிலுவைப்பாட்டுத் தட்டு ஒன்றை நெருங்கிப் பார்த்தால் விஷயம் பிடிபடும். நடுவே சிலுவை. அதன் அடியில் ரோமப் படைவீரர்கள் தரையில் குந்தி, இயேசுவின் அங்கி யாருக்கு என்று பகடை உருட்டுகிறார்கள். அவர்களின் முதுகு வளைவிலும் துணி மடிப்பிலும் மயிரிழை போன்ற கோடுகள். தள்ளி நின்றால் அச்சிட்ட படம் என்றே தோன்றும். உடம்பின் தோலில் மட்டும் லேசான செம்மை. ஆங்காங்கே தங்கம். இப்படிக் கறுப்பு, சாம்பல் சாயல்களில் வரையும் முறைக்குக் கிரிசாய் என்று பெயர்.

இந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? சிலர் நினைப்பதுபோல இது சீன எழுத்துமை இல்லை. எழுத்துமை என்பது விளக்குக் கரி. சூளைக்குள் போனால் எரிந்து காணாமல் போகும். ஜிங்டெசென்னில் ஒருமுறை நல்ல உயர்தர மையால் வரைந்து சுட்டுப் பார்த்தார்களாம், பாத்திரம் வெள்ளை வெளேரென்று திரும்பி வந்ததாம். இதை எழுதி வைத்தவர் பிரான்சுவா சேவியர் தாந்த்ரகோல். அவர் இயேசு சபைத் துறவிதான். அவரிடம் பிறகு வருவோம். தட்டில் நிற்கும் கறுப்பு, உலோக ஆக்சைடுகளிலிருந்து கிடைத்த எனாமல்.

கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து வண்ணத்தில் வரையச் சொன்னபோதுதான் வேடிக்கை. யாருக்கு என்ன நிற அங்கி என்று காகிதம் சொல்லாது. ஓவியர் தன் கண்ணுக்கு அழகாகப் பட்டதைப் போட்டார். முகங்களிலும் தெற்கு சீனச் சாடை எட்டிப் பார்க்கும். எழுத்துகளை அவர் படிக்கவில்லை, வரைந்தார். இயேசு ஞானஸ்நானம் பெறும் காட்சி உள்ள தட்டுகள் சிலவற்றில் மத்தேயு 3:16 என்ற வசன எண்கூட அப்படியே இருக்கிறது. பைபிள் படத்துக்கு அடியில் அச்சகம் போட்ட எண் அது; தட்டில் சாப்பிடுகிறவருக்கு அது எதற்கு என்று ஓவியர் கேட்கவில்லை. இருக்கிறது, எடுத்தாயிற்று.

விளிம்பு அலங்காரம் தனிக்கதை. சிலுவைப்பாட்டு வரிசைத் தட்டுகளில் ஓடும் கொடியும் பட்டையும் கலந்த வேலைப்பாடு, வியன்னாவில் 1718-இல் தொடங்கிய டு பாக்கியே பீங்கான் ஆலையின் பாணி. சீனாவைப் பார்த்து ஐரோப்பா பீங்கான் செய்யக் கற்றுக்கொண்டது. அந்த ஐரோப்பியச் சரக்கைப் பார்த்துச் சீனா மறுபடி நகல் எடுத்தது.

இதுவரை சொன்னதைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: தட்டு ஜிங்டெசென்னில், படம் பெரும்பாலும் காண்டனில், மூலம் ஐரோப்பிய அச்சுப்படம்.

யார் கேட்டார்கள்?

முதலில் கேட்டவர்கள் போர்ச்சுக்கீசியர். 1520–40 காலத்து நீலத் தட்டு ஒன்றில் போர்ச்சுகல் அரசச் சின்னமும், இயேசுவின் பெயரைக் குறிக்கும் ஐ.எச்.எஸ். என்ற மூன்றெழுத்தும் சேர்ந்தே இருக்கின்றன. அரசச் சின்னத்தைத் தலைகீழாக வரைந்துவிட்ட பாத்திரங்களும் உண்டு. மலாக்காவின் தலைவராக இருந்த பெரோ டி ஃபாரியாவின் பெயரும் 1541 என்ற ஆண்டும் எழுதிய கிண்ணம் ஒன்று போர்ச்சுகலின் பெஜா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ‘ஆவே மரியா’ செபத்தின் தொடக்கமும் உண்டு.

இங்கே ஆண்டுகளைக் கவனியுங்கள். இயேசு சபைக்குப் போப்பின் ஒப்புதல் கிடைத்தது 1540-இல். அந்தச் சபையின் பிரான்சிஸ் சவேரியார் கோவாவில் இறங்கியது 1542-இல். அந்த மூன்றெழுத்தைப் பிற்காலத்தில் இயேசு சபை தன் முத்திரையாக்கிக்கொண்டது உண்மைதான். அதற்கு முன்பே அது ஐரோப்பா முழுக்கப் பொதுச் சின்னம். மூன்றெழுத்தைக் கண்டதும் ‘ஜெசூட்’ என்று முடிவு கட்டுகிற பழக்கம் இங்கேயே இடறி விழுகிறது.

பிறகு துறவற சபைகளும் ஆர்டர் கொடுத்தன. 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த சில பெரிய நீலச் சாடிகளில் ஐ.எச்.எஸ். எழுத்தும் சிலுவையும் மூன்று ஆணிகளும் உண்டு. இவற்றை இயேசு சபையோடு இணைப்பதில் தப்பில்லை. அதே காலத்து வேறு சில பாத்திரங்களில் இரட்டைத் தலைக் கழுகும், அம்பு தைத்த இதயமும். அந்த இதயம் அகுஸ்தீன் சபையின் அடையாளம். ஆக, சபைகளின் நேரடி ஆர்டர் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை பெரும்பாலும் இந்த நீல வெள்ளைச் சாடிகள்தான். சந்தையில் ‘ஜெசூட்’ என்று பெயர் வாங்கிய கறுப்புக் கோட்டுத் தட்டுகளோ இவற்றுக்கு நூறாண்டுக்கும் மேல் பிந்தியவை.

அந்தக் கறுப்புக் கோட்டுத் தட்டுகள் யாருடைய ஆர்டர்? பெரும்பாலும் டச்சுக்காரர்களுடையது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கியது; 1729 முதல் தாய்நாட்டிலிருந்து காண்டனுக்கு நேரடியாகக் கப்பல் விட்டது. கம்பெனி வாங்கியது பெட்டி பெட்டியாகச் சாதாரணச் சரக்கு. சிறப்புப் படம் போட்ட தட்டுகள் கப்பல் அதிகாரிகளும் வியாபாரப் பொறுப்பாளர்களும் தங்கள் சொந்தக் கணக்கில் ஏற்றிய சரக்கு. அவர்கள் காண்டனுக்குக் கொண்டுபோன படங்களில் பல, டச்சு பைபிள்களுக்காக யான் லாய்க்கன் (1649–1712) செதுக்கியவை. லாய்க்கன் ஆம்ஸ்டர்டாம்காரர், கவிஞர், மென்னோனைட் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்தவர். புராட்டஸ்டன்ட் ஓவியர், புராட்டஸ்டன்ட் நாட்டு பைபிள், புராட்டஸ்டன்ட் வியாபாரி. இதில் இயேசு சபைக்கு எங்கே இடம்?

சீனப் பக்கம் பார்த்தால் இன்னும் தெளிவு. 1724-இல் யோங்செங் பேரரசர் கிறிஸ்தவத்தைத் தடை செய்தார். பெய்ஜிங் அரண்மனையில் வேலை பார்த்த சிலரைத் தவிர மற்ற பாதிரியார்கள் முதலில் காண்டனுக்கும், 1732-இல் போர்ச்சுக்கீசியர் தங்கியிருந்த மக்காவ் துறைமுகத்துக்கும் வெளியேற்றப்பட்டார்கள். அதாவது, சிலுவைப்பாட்டுத் தட்டுகள் அதிகம் போன 1740-களில் சீனாவில் கிறிஸ்தவம் சட்டவிரோதம். பாதிரியார் வெளியே, படம் மட்டும் பட்டறையில். ஏற்றுமதிச் சரக்காகப் போகும்வரை அதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. அரண்மனையில் எஞ்சியவர்களில் ஒருவர் ஜுசெப்பே காஸ்திலியோனே, நல்ல ஓவியர், இயேசு சபையைச் சேர்ந்தவர். அவர் பேரரசருக்காக வரைந்து புகழ்பெற்றது குதிரைகளை.

அப்படியானால் பாதிரியார்கள் என்னதான் செய்தார்கள்?

தாந்த்ரகோலுக்கு வருவோம். நம் பக்கம் வீரமாமுனிவர் தமிழ் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அதே சபையைச் சேர்ந்த இந்தப் பிரெஞ்சுக்காரர் ஜிங்டெசென் பகுதியில் பணி செய்தார். 1712-இலும் 1722-இலும் அவர் ஊருக்கு எழுதிய இரண்டு நீண்ட கடிதங்கள் பீங்கான் செய்முறையை ஐரோப்பாவுக்கு விரிவாகச் சொன்னவை. ஒரு பாத்திரம் எழுபது பேர் கை மாறி வருகிறது என்றும், விளிம்புக் கோடு போடுபவர் வேறு, பூவுக்குக் கோடிடுபவர் வேறு, நிறம் தீட்டுபவர் வேறு என்றும் அவர் எழுதியது இன்றும் மேற்கோளாகிறது.

1712 கடிதத்தில் ஓரிடம் நமக்கு முக்கியம். ஒரு கடையின் கழிவுச் சரக்கிலிருந்து சிறு தட்டு ஒன்றை அவரிடம் கொண்டுவந்து தருகிறார்கள். அதன் நடுவில் சிலுவையில் இயேசு, இருபுறமும் மரியாளும் அருளப்பரும். ஆயிரம் ஆண்டுகளில் செய்த மிகச் சிறந்த பீங்கானைவிட இது தனக்கு மேல் என்கிறார். இப்படிப்பட்டவை முன்பு ஜப்பானுக்குப் போயின, பதினாறு பதினேழு ஆண்டுகளாகப் போகவில்லை என்று கேள்விப்பட்டதையும் எழுதுகிறார். மதத் தடை இருந்த ஜப்பானில் மறைவாக வாழ்ந்த கிறிஸ்தவர்கள், மற்றப் பாத்திரங்களுக்கு நடுவே ஒளித்து இவற்றை வரவழைத்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம்.

அவரே ஆர்டர் கொடுத்திருந்தால் இப்படி ஆச்சரியப்படுவாரா? ஜிங்டெசென்னிலேயே இருந்த ஓர் இயேசு சபைத் துறவிக்குச் சிலுவைத் தட்டு அபூர்வப் பொருளாக இருந்திருக்கிறது. ஆனாலும் ‘ஜெசூட்’, ‘பீங்கான்’, ‘சிலுவை’ மூன்றும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டன. பிற்காலச் சேகரிப்பாளர்கள் மனத்தில் அவை ஒட்டிக்கொண்டதற்கு இந்தக் கடிதமும் உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

சீனர்களுக்கு மதம் சொல்ல இயேசு சபை உண்மையில் நம்பிய கருவி மரக்கட்டை அச்சில் எடுத்த புத்தகம். 1620-ஐ ஒட்டி வந்த செபமாலைப் புத்தகம் ஒன்றில் கபிரியேல் தூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் காட்சி சீன வீட்டுக்குள், சீன மேசை நாற்காலிகளுக்கு நடுவே நடக்கிறது. பார்ப்பவர் சீனர் என்பதால் படம் சீனாவுக்கு இறங்கி வந்தது. ஏற்றுமதித் தட்டில் நேர் எதிர்: பார்ப்பவர் ஐரோப்பியர், ஆகவே ரோம வீரனின் தலைக்கவசம்கூட அச்சுப்படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எது பிரசாரம், எது வியாபாரம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

குழந்தையோடு ஒரு வெள்ளைச் சிலை

ஆர்டர் கணக்குக்குள் அடங்காத ஒரு பொருளும் உண்டு. ஃபூஜியன் மாகாணத்தின் டெஹுவாவில் படமே இல்லாத பால்வெள்ளைப் பீங்கானில் சிலைகள் செய்தார்கள். அதிகம் விற்றது கருணைத் தெய்வமான குவான்யின். பிள்ளை வரம் தரும் குவான்யின் கையில் குழந்தை இருக்கும். ஐரோப்பிய வியாபாரிகள் அதைப் பார்த்து மாதா என்றே பெட்டியில் ஏற்றினார்கள். டெஹுவாவில் கேட்டு வாங்கிய மாதா சிலைகளும் உண்டு. அதனால் குழப்பம் இரட்டிப்பு.

ஜப்பானில் 1614-க்குப் பிறகு மறைவாக வாழ்ந்த கிறிஸ்தவர்களும் இந்தக் குவான்யினையே மரியாளாக வைத்து வணங்கினார்கள். வீட்டில் சோதனை வந்தால் அது பௌத்தச் சிலை. கதவைச் சாத்தினால் மாதா. 19-ஆம் நூற்றாண்டில் நாகசாகி அதிகாரிகள் அவர்களிடம் பறித்த இத்தகைய வெள்ளைச் சிலைகள் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இவற்றைச் செய்தவர் மனத்திலும் ஆர்டரிலும் கிறிஸ்தவம் இல்லை. வணங்கியவர் கையில்தான் அது வந்தது.

பெயர்ச்சீட்டைப் படிக்கும்போது

இன்றும் ஏலக் குறிப்புகளிலும் கடைகளிலும் ‘ஜெசூட்’ என்ற சொல் வரும். ஐரோப்பிய உருவம் கறுப்பில் இருந்தாலே, அது கிரேக்க தேவதையாக இருந்தாலும், அந்தப் பெயரைப் போட்ட காலம் உண்டு. ஆகவே சீட்டைவிடத் தட்டையே பாருங்கள். நீல வெள்ளையில் சபைச் சின்னம் என்றால் போர்ச்சுக்கீசியப் பக்கம் திரும்பலாம். கறுப்புக் கோட்டில் பைபிள் காட்சி என்றால், எந்த பைபிளின் அச்சுப்படம் என்று தேடலாம். மூலப்படம் கிடைத்தால் பாதி விடை கிடைத்த மாதிரி.

தங்கத்தையும் ஒரு கண் பாருங்கள். அது மற்ற நிறங்களைவிட லேசாகத்தான் பிடித்திருக்கும். புழங்கிய தட்டில் விளிம்பை ஒட்டித் தேய்ந்திருப்பது இயல்பு. தங்கம் முழுசாகப் பளபளத்தால், தட்டு அலமாரியை விட்டு இறங்காமல் இருந்திருக்கலாம். பிற்கால நகலாகவும் இருக்கலாம். பாரிஸில் 1845-இல் தொடங்கிய சாம்சன் நிறுவனம் சீன ஏற்றுமதிப் பீங்கானை அச்சு அசலாகச் செய்து விற்றது. அந்த நகல்களுக்கே இப்போது தனியாக வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.